த்ரீ ஜா சக்கில் அவுட் ஏன் வருகிறது, எங்கே தேடுவது

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வேலைப்பொருளை மூன்று தாடைகளால் கவ்விச் சுழற்றும் பிடிதான் த்ரீ ஜா சக். பிடித்த பொருள் மையத்தில் நேராகச் சுழலாமல் ஆடுவதை அவுட் என்பார்கள். கிரைண்டிங் செய்த தண்டு ஒன்றை இந்தச் சக்கில் பிடித்து, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். முள் 0.05 முதல் 0.08 மி.மீ. வரை ஆடினால் சக்கைக் குறை சொல்ல முடியாது. அதன் அமைப்பு தருவது அவ்வளவுதான். முள் காட்டுவது மொத்த ஆட்டம். மையம் விலகியிருப்பது அதில் பாதி, அதாவது 0.04-க்குள். முள்ளின் ஆட்டம் அதைவிட வெகுவாகக் கூடும்போதுதான் எங்கோ தேய்மானம் இருக்கிறது, அல்லது அழுக்கு சிக்கியிருக்கிறது என்று பொருள்.

பழைய லேத்தைப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். தாடைகளைக் கிரைண்டிங் செய்தால் சரியாகிவிடும் என்று நேராகக் கிரைண்டிங் கல்லைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. ஒருமுறை அரைத்து எடுத்த உலோகம் திரும்ப வராது. ஒரு துணியாலும் எண்ணெய்க்கல்லாலும் தீர்ந்திருக்கக்கூடிய பிழையைக் கல்லால் தாடைக்குள் நிரந்தரமாகப் பதித்துவிடும் ஆபத்தும் உண்டு.

சக்கின் உள்ளே இருக்கும் ஸ்க்ரோல் தட்டுதான் எல்லாவற்றுக்கும் மூலம். தட்டின் முன்முகத்தில் சுருள் பள்ளம் வெட்டியிருக்கும், பின்முகத்தில் பெவல் கியர் பற்கள். சக் கீ என்ற சாவியால் பினியனை (சிறு பல்சக்கரத்தை) திருப்பும்போது தட்டு சுழல்கிறது, சுருள் மூன்று தாடைகளையும் ஒரே அளவு உள்ளே தள்ளுகிறது. ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆராய்ந்த சுருள்தான் இது: ஒவ்வொரு சுற்றுக்கும் ஆரம் ஒரே அளவு கூடும். சுருளின் பிட்ச் (அடுத்தடுத்த சுற்றுகளின் இடைவெளி) 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தட்டு முழுச் சுற்றுச் சுற்றும்போது தாடை 6 மி.மீ. நகரும். தாடைகள் 120 பாகை தள்ளித் தள்ளி நிற்பதால், 1, 2, 3 என்று எண்ணிட்ட தாடைகளின் பற்கள் ஒன்றுக்கொன்று 2 மி.மீ. விலக்கி வெட்டப்பட்டிருக்கும். வரிசை மாற்றிப் போட்டால் மூன்றும் மையத்தில் சந்திக்காததற்கு இதுதான் காரணம். வேறொரு சக்கின் தாடை பார்க்க அச்சாக அதே மாதிரி இருந்தாலும் பொருந்தாது; தாடையிலும் சக் உடலிலும் வரிசை எண் பொறித்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தச் சுருளில் ஒரு சங்கடம் இருக்கிறது. மையத்துக்கு அருகே அதன் வளைவு இறுக்கமாகவும் விளிம்பில் தளர்ந்தும் இருக்கும். தாடையின் பல்லோ ஒரே வடிவம்தான். இரண்டு இடத்திலும் அது சிக்காமல் ஓட வேண்டும். அதனால் பல்லின் வெளிப்பக்கத்தை மிக இறுக்கமான வளைவுக்கும், உட்பக்கத்தை மிகத் தளர்ந்த வளைவுக்கும் ஏற்ப வெட்டுகிறார்கள். இறுக்கும்போது சுருள் பல்லின் வெளிப்பக்கத்தை அழுத்துகிறது. இரண்டும் தொடுவது ஏறத்தாழ ஒரு கோட்டில் மட்டும். அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு விசை விழுந்தால் தேயாமல் என்ன செய்யும்? தேய்மானமும் சீராக இருக்காது. எந்த விட்டத்தை அதிகம் பிடித்தார்களோ அந்த இடத்தில்தான் சுருள் தேய்ந்திருக்கும். ஒரே சக் 20 மி.மீ. தண்டில் 0.15 மி.மீ. அவுட் காட்டி, 50 மி.மீ. தண்டில் 0.05-க்குள் நிற்பது இதனால்தான். ஒரே ஒரு விட்டத்தில் சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

சோதனையை, சக்கைத் தாங்கிச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலிலிருந்து தொடங்க வேண்டும். சக்கைக் கழற்றி, ஸ்பிண்டில் மூக்கின் உள் டேப்பரில் (கூம்பு வடிவத் துளையில்) டயல் கேஜை வைத்துச் சுற்றுங்கள், 0.01 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பிறகு ஒரு மரக்கட்டையால் மூக்கை மேலே நெம்பிப் பாருங்கள். உருளை பேரிங் என்றால் முள் 0.01-க்கு மேல் நகரக் கூடாது; உருளைகள் இல்லாத புஷ் பேரிங்கில் எண்ணெய்ப் படலத்துக்காக 0.02, 0.03 வரை இடைவெளி இருப்பது இயல்பு. இங்கே பிழை இருந்தால் பேரிங் சரியாகும்வரை சக்கைத் தொட வேண்டாம். அடுத்து பேக் பிளேட்டை (சக்கை ஸ்பிண்டிலோடு இணைக்கும் தட்டை) மாட்டி அதன் முகத்தையும், சக் உட்காரும் ரிஜிஸ்டரையும் (மையப்படுத்தும் படியையும்) பார்க்க வேண்டும். அதற்கடுத்து சக்கின் உடல். கடைசியில்தான் தாடையில் பிடித்த தண்டு. தண்டை இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: தாடையை ஒட்டி ஒருமுறை, 100 மி.மீ. தள்ளி ஒருமுறை. இரண்டிலும் ஒரே ஆட்டம், ஒரே திசையில் என்றால் மையம் விலகியிருக்கிறது. தள்ளிப்போகப் போக ஆட்டம் கூடினால் தண்டு சாய்ந்து நிற்கிறது. நோய் வேறு, மருந்தும் வேறு.

சாய்வுக்குப் பெரும்பாலும் ஒரு துகளே காரணமாக இருக்கும். 100 மி.மீ. விட்டமுள்ள முகத்தின் ஓரத்தில் 0.02 மி.மீ. தடிமனுள்ள துகள் சிக்கினால் சக்கின் அச்சு 100 மி.மீ.க்கு 0.02 சாயும், அந்தத் தூரத்தில் முள் 0.04 ஆடும். போல்ட் துளையின் விளிம்பில் எழும்பிய பிசிறும் இதையேதான் செய்யும். முகத்தை விரலால் தடவினாலே பல பிசிறுகள் தட்டுப்படும். எண்ணெய்க்கல்லைத் தட்டையாக வைத்து நீவி எடுங்கள். அரம் வேண்டாம், முகத்தையே கெடுத்துவிடும்.

சக்கைக் கழற்றும்போது லேத்தின் பெட்டின் (அடித்தளத்தின்) மேல் ஒரு பலகை இருக்கட்டும். 200 மி.மீ. சக் ஏறத்தாழ 15 கிலோ வரும். கை வழுக்கினால் விரலும் போகும், பெட்டின் வழித்தடமும் போகும். பின்மூடியையும் பினியன்களைப் பிடித்திருக்கும் திருகுகளையும் எடுத்தால் ஸ்க்ரோல் தட்டு வெளியே வரும். பினியன் எது எந்தத் துளையில் இருந்தது என்று அடையாளமிட்டுக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். காற்றுக் குழாயால் ஊதினால் துகள் வெளியே வருவதைவிட உள்ளே போவதுதான் அதிகம். சுருள் பள்ளத்தின் அடியில் இறுகிப்போன இரும்புப்பொடியைக் கூரான மூங்கில் குச்சியால் சுரண்டலாம். திரும்பப் பூட்டும்போது பெவல் பற்களுக்கு மட்டும் மெல்லிய கிரீஸ். சுருளுக்கும் தாடைத் தடத்துக்கும் எண்ணெய்தான். அங்கே கிரீஸைத் தாராளமாகப் பூசினால் வரும் துகளையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

தாடைகளைப் போடும் முறை: சுருளின் நுனி முதல் தடத்தில் எட்டிப்பார்க்கும்வரை கீயைத் திருப்பி, நுனி மறையும் அளவுக்குச் சற்றே பின்வாங்கி, 1-ஆம் தாடையை அழுத்திப்பிடித்தபடி முன்னே திருப்புங்கள். நுனி இரண்டாம் தடத்துக்கு வரும்போது 2, பிறகு 3.

பல சக்குகளில் மூன்று பினியன்களில் ஒன்றின் அருகே புள்ளியோ சுழியமோ குத்தியிருக்கும். ஸ்க்ரோல் தட்டுக்கும் அது சுழலும் குடத்துக்கும் (மைய உருளைக்கும்) நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. எந்தப் பினியனை இறுக்குகிறோமோ அது தட்டை ஒரு பக்கமாகத் தள்ளும். வேறு பினியனை இறுக்கினால் அவுட்டும் இடம் மாறும். எப்போதும் குறியிட்ட பினியனையே கடைசியாக இறுக்கினால் பிழை நிலையாக இருக்கும். நிலையான பிழையைச் சமாளிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் தண்டின் சாய்வு போகவில்லை என்றால் தாடை வாய் விரிந்திருக்கிறது. சுருள் தாடையின் பின்பகுதியில் தள்ளுகிறது, தண்டோ முன்பகுதியில் எதிர்க்கிறது. இந்த இழுபறியில் தாடை தன் தடத்துக்குள் சற்றுச் சாய்கிறது. தடமும் பிடிமுகமும் தேயத் தேய முன்வாய் அகன்று, தண்டைப் பின்பகுதி மட்டுமே பிடிக்கும். உறுதிசெய்ய, தண்டுக்கும் தாடையின் முன்முனைக்கும் நடுவே மெல்லிய காகிதக் கீற்றை வைத்து இறுக்குங்கள். மூன்றில் எதிலாவது கீற்று உருவிக்கொண்டு வந்தால், அதுதான்.

கிரைண்டிங் செய்யும்போது தாடைகள் தண்டைப் பிடிக்கும்போது இருப்பது போலவே சுமை தாங்கியிருக்க வேண்டும். தளர்வாக விட்டு அரைத்தால் வேலை வீண். இறுக்கியதும் மறுபடி சாய்ந்துவிடும். மூன்று தாடை நுனிகளின் சரிவுகளுக்கு நடுவே ஒரே தண்டிலிருந்து வெட்டிய மூன்று பின்களை முன்பக்கமாக வைத்து, நடுவில் கல் போகத் துளையுள்ள ஒரு தகட்டில் அவற்றைப் பிடித்து, சக்கை இறுக்கலாம். பிடிமுகங்கள் திறந்திருக்கும், சுமையும் சரியான இடத்தில் விழும். அடிக்கடி பிடிக்கும் விட்டத்துக்குப் பக்கமாகப் பின்களின் அளவைத் தேர்ந்தெடுங்கள். டூல்போஸ்ட் கிரைண்டரில் (லேத்தின் கருவிப் பிடியில் பொருத்தும் சிறு கிரைண்டரில்) 20 அல்லது 25 மி.மீ. அலுமினியம் ஆக்சைடு கல், சக் மெதுவாகக் கல்லுக்கு எதிர்த்திசையில், ஒரு முறைக்கு 0.01 மி.மீ. மட்டும். கடைசியில் வெட்டு கொடுக்காமலே தீப்பொறி நிற்கும்வரை ஓட்டுங்கள். பெட்டின் மேல் எண்ணெய் தோய்த்த காகிதம் விரியுங்கள். துணி கூடாது, சுழலும் சக் அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். முடிந்ததும் சக்கை மறுபடி முழுவதும் பிரித்துக் கழுவ வேண்டும். கல்பொடி உள்ளே தங்கினால் ஸ்க்ரோல் தட்டை அது அரைத்துத் தீர்த்துவிடும்.

இதன் பிறகும் சுருளின் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். அரைத்த விட்டத்தில் 0.03 கிடைக்கலாம், மற்ற விட்டங்களில் கிடைக்காது.

அதற்குக் குறைவாக வேண்டும் என்றால் ஃபோர் ஜா சக்கை மாட்டுங்கள். அதில் ஒவ்வொரு தாடையும் தனித் திருகில் ஓடுவதால் சுருளின் பிழை என்ற பேச்சே இல்லை. எதிரெதிர் தாடைகளை ஜோடியாகப் பாருங்கள். 1-ஆம் தாடைப் பக்கம் முள் 0.30, 3-ஆம் பக்கம் 0.10 என்றால் இலக்கு நடுவில் 0.20. 3-ஆம் தாடையைச் சற்றுத் தளர்த்தி, முள் 0.20-க்கு வரும்வரை 1-ஆம் தாடையை இறுக்குங்கள். பிறகு 2, 4. இரண்டு மூன்று சுற்றில் 0.01-க்குள் வந்துவிடும், கை பழகியவருக்கு ஐந்து நிமிட வேலை. தாடைக்கும் ஜாப்புக்கும் நடுவே பித்தளைத் துண்டு வைத்தால் தழும்பு விழாது.

மெல்லிய குழாய்க்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. த்ரீ ஜா அதை மூன்று இடத்தில் அமுக்கும். அந்த நிலையில் உள்ளே வட்டமாகப் போரிங் செய்து, சக்கிலிருந்து எடுத்ததும் குழாய் விரிந்துகொள்ளும், துளை மும்முனை வடிவமாகும். இருமுனைகளில் தொட்டு அளக்கும் கருவிக்கு இது பிடிபடவே படாது. எந்தப் பக்கம் அளந்தாலும் ஏறத்தாழ ஒரே விட்டம் காட்டும். மூன்று புள்ளிகளில் தொடும் போர் கேஜைத் துளைக்குள் மெதுவாகத் திருப்பினால்தான் வடிவம் வெளிப்படும். குழாயைச் சுற்றி ஒரு பக்கம் பிளந்த வளையம் போட்டு அதன் மேல் பிடித்தால் விசை பரவி, கோணல் வெகுவாகக் குறையும்.