கால் லிட்டருக்கு மேல் இரண்டு ஸ்பூன்

"பெட்டிக்கு அளவு எடுக்கறீங்களா மேடம்?"

அந்தப் பையன் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஐ.சி.யூ. கதவின் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறான். உள்ளே சிஸ்டர் ஒருவர் இன்ச் டேப்பை நீட்டி அவன் அம்மாவை உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளந்துகொண்டிருந்தார். தொண்டையில் ட்யூப், தலைமாட்டில் வென்டிலேட்டர். அதோடு இன்ச் டேப்பும் சேர்ந்தால் இருபது வயதுப் பிள்ளை வேறென்ன நினைப்பான்?

மாதவரம் பக்கம் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற அம்மா. மார்கழிக் குளிரில் பத்து நாள் காய்ச்சல். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் 108-ஐக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்து சேர்ந்தபோது மாஸ்க்கில் ஆக்சிஜனை முழுக்கத் திறந்துவிட்டும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சாச்சுரேஷன் 78-ஐத் தாண்டவில்லை. நிமிடத்துக்கு 44 மூச்சு. கழுத்துச் சதையெல்லாம் இழுத்து இழுத்து விடுகிற அந்த மூச்சை எந்த உடம்பும் ரொம்ப நேரம் தாங்காது.

சிஸ்டர் அளந்தது உயரத்தை. 150 சென்டிமீட்டர். வென்டிலேட்டரில் போட்ட ஒருவரைப் பற்றி நாங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண்களில் அதுவும் ஒன்று. எடையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். உடம்பு போட்டால் வயிறு பெருக்கும், தொடை பெருக்கும், நுரையீரல் பெருக்காது. அது ஆளின் உயரத்துக்குத் தக்கபடி நின்றுவிடும். இந்த அம்மாவின் எடை 72 கிலோ. ஆனால் 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்குச் சூத்திரம் தரும் கணக்கு எடை 43 கிலோ சொச்சம். கிலோவுக்கு 6 மில்லி என்று பெருக்கினால் 260 மில்லி. ஒரு மூச்சுக்கு மிஷின் உள்ளே தள்ள வேண்டிய காற்று அவ்வளவே.

"அம்மா பால் ஊத்துற கால் லிட்டர் அளவை இருக்குல்ல தம்பி, அதுக்கு மேல ரெண்டு ஸ்பூன். அதைத் தாண்டக் கூடாதுன்னுதான் அளக்கறோம்" என்றேன்.

மூச்சு முட்டுகிறவருக்கு எதற்காகக் காற்றை இப்படி அளந்து கொடுக்க வேண்டும்? தாராளமாகக் கொடுத்தால் என்ன? இதைக் கேட்காத உறவினர்கள் குறைவு. டாக்டர்களே நெடுங்காலம் தாராளமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் பல இடங்களில் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதைக் கடந்துதான் ஆக்சிஜன் ரத்தத்தில் சேர்கிறது. நிமோனியாவோ, ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றோ தாக்கும்போது அந்தச் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. புரதம் கலந்த நீர் பைகளுக்குள் இறங்குகிறது. பைகள் சுருங்கி மூடிவிடாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பூச்சும் கெட்டுப்போகிறது. ஈரமான பிளாஸ்டிக் கவரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் ஊதித் திறக்க எவ்வளவு தம் பிடிக்க வேண்டியிருக்கிறது! அப்படிக் கோடிக்கணக்கான கவர்கள். 1967-இல் அமெரிக்காவின் டென்வரில் ஆஷ்பா, பெட்டி முதலிய டாக்டர்கள் 12 நோயாளிகளை வைத்து இந்த நிலையை விவரித்தார்கள். இன்று அதை ஏ.ஆர்.டி.எஸ். என்கிறோம்.

நுரையீரல் முழுக்க ஒரே மாதிரி விறைத்துப்போகிறது என்றுதான் அப்போது நினைத்தார்கள். 1980-களில் இத்தாலியில் லூசியானோ கட்டினோனியின் குழு இந்த நோயாளிகளை சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. முதுகுப் பக்கம் நீர் கோத்து வெள்ளையாகக் கிடந்தது. நெஞ்சுப் பக்கம் மட்டும் கொஞ்சம் கறுப்பு, அதாவது காற்று. காற்றோட்டம் மிச்சமிருந்த அந்தப் பகுதியைக் கணக்கிட்டால் ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுதான் வந்தது. 'பேபி லங்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பெரியவருக்கான மூச்சைத் தள்ளினால் அத்தனையும் அந்தக் குழந்தை நுரையீரலுக்குள்தான் போய் முட்டும். நல்லபடியாக இருந்த பைகளும் அதில் இழுபட்டு, கிழிந்து, கசிய ஆரம்பிக்கும்.

2000-இல் அமெரிக்க மருத்துவமனைகளில் 861 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 12 மில்லி, இன்னொரு பிரிவுக்கு 6 மில்லி. முதல் பிரிவில் 100-க்கு 40 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 31 பேர். புது மருந்து எதுவும் இல்லை. மிஷினில் ஒரு குமிழைக் குறைத்துத் திருப்பியதில் 100-க்கு 9 உயிர். நான் படித்த எந்த மருத்துவக் கட்டுரையும் என்னை இந்த அளவுக்கு உலுக்கியதில்லை.

மூச்சைச் சிறிதாக்கினால் கார்பன் டை ஆக்சைடு முழுதாக வெளியேறாது, ரத்தம் கொஞ்சம் அமிலமாகும். மூச்சு எண்ணிக்கையைக் கூட்டி முடிந்தவரை சரிக்கட்டுவோம். மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வோம். மிஷினில் இன்னொரு குமிழுக்கு பீப் (PEEP) என்று பெயர். மூச்சு வெளியே போன பிறகும் உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைப்பது அதன் வேலை. பலூனை முழுக்கச் சுருங்கவிட்டு மறுபடி ஊதுவதைவிட, பாதியில் பிடித்துக்கொண்டு ஊதுவது சுலபம் என்பது குழந்தைகளுக்கும் தெரியும்.

மறுநாள் பையன் கேட்டான்: "மிஷின் அம்மாவைக் குணமாக்கிடுமா மேடம்?"

ஆக்காது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுத ஆரம்பித்தேன். வென்டிலேட்டர் எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. உடம்புக்கும் மருந்துக்கும் அவகாசம் வாங்கித் தருகிறது. எழுபது ஆண்டுகளாக நாங்கள் கற்றுவருவதெல்லாம் அந்த அவகாசத்தை நுரையீரலைக் காயப்படுத்தாமல் வாங்குவது எப்படி என்பதைத்தான்.

அதைத் தொடங்கிவைத்தது வெறும் கைகள். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிடச் செய்து, ட்யூப் செருகி, ரப்பர் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். அதன்பின் சுமார் 1,500 மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்து, மாதக்கணக்கில் இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. ஐ.சி.யூ. என்ற ஏற்பாடே அந்த வார்டிலிருந்து வளர்ந்ததுதான். நம் ஊர் ஆம்புலன்ஸ்களில் தொங்குகிற, கையால் அமுக்கும் ஆம்பு பேக்கும் சில ஆண்டுகள் கழித்து அதே டென்மார்க்கில் பிறந்தது.

எங்கள் பால்கார அம்மாவுக்கு அந்த அவகாசம் எதற்காகத் தேவைப்பட்டது என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. உடம்பு துடைக்கும்போது இடது அக்குளில் சிஸ்டர் ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். சிகரெட்டால் சுட்டதுபோல, வலியில்லாத ஒரு புண். ஸ்க்ரப் டைஃபஸ். பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் குஞ்சு கடித்துப் பரவுவது. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் சென்னைக்கு இது புதிதல்ல. மாட்டுக்குப் புல் அறுக்க அந்த அம்மா தினமும் போனது புதர் மண்டிய காலி மனைகளுக்கு. மருந்து டாக்சிசைக்ளின், மிக மலிவான ஆன்டிபயாடிக். நோய் கடுமையாக இருந்தால் அதோடு அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியில் கொடுப்பது மேல் என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. மருந்து கிருமியை அடக்க இரண்டு மூன்று நாள் ஆகும். கசிந்த நுரையீரல் வடிய இன்னும் அதிக நாள். அந்த நாட்களைத்தான் 260 மில்லி 260 மில்லியாகக் கடந்தோம்.

அன்று மாலை சாச்சுரேஷன் மறுபடி இறங்கியது. குப்புறப் படுக்கவைத்தோம். மல்லாந்திருக்கும்போது நீர் கோத்த நுரையீரலின் கனமும் இதயத்தின் கனமும் முதுகுப் பக்கத்துப் பைகளை நசுக்குகின்றன. நுரையீரலின் பெரும்பகுதி இருப்பதோ முதுகுப் பக்கம். திருப்பிப் போட்டால் அந்தப் பைகள் மெல்ல விரிகின்றன. ரத்த ஓட்டம் தொடர்ந்து அங்கேதான் அதிகம், ஆகவே ரத்தமும் காற்றும் சந்திக்கிற இடம் கூடுகிறது. 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில் கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளைத் தினமும் 16 மணி நேரமாவது குப்புறப் படுக்கவைத்தபோது 28 நாளில் இறந்தவர்கள் 100-க்கு 33-லிருந்து 16 ஆகக் குறைந்தார்கள். 2021 மே மாதம் கொரோனாவில் ஜி.ஹெச். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்களில், "குப்புறப் படுங்க" என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியமாயிற்று.

ஐ.சி.யூ.வில் அதற்கு ஆறு பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் ட்யூபைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் யாரும் அசையக் கூடாது. ட்யூப் நழுவினால் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோகலாம். கண்களில் களிம்பு போட்டு மூட வேண்டும், நெற்றிக்கும் மார்புக்கும் மெத்தை வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முகத்தைப் பக்கம் மாற்றாவிட்டால் கன்னம் புண்ணாகிவிடும்.

பையன் கண்ணில் படாத வேலைகள் இன்னும் எத்தனையோ. மல்லாந்திருக்கும் நேரமெல்லாம் தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கிறதா, ட்யூபைச் சுற்றிய சின்ன பலூனின் அழுத்தம் சரியா, வாய் சுத்தமாக இருக்கிறதா என்று சிஸ்டர் பார்த்துக்கொண்டே இருப்பார். வாயில் ஊறும் எச்சில் கிருமியோடு நுரையீரலுக்குள் வழிந்தால் புதிதாக ஒரு நிமோனியா வரும். வென்டிலேட்டர் பெயர் பெற்றிருக்கிறது, கணக்குப் பார்த்தால் ஒரு நல்ல சிஸ்டர் காப்பாற்றுகிற உயிர்கள் அதற்குக் குறைந்தவை அல்ல.

ஐந்தாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்தோம். நிலைமை தாங்கினால் தினமும் ஒருமுறை இப்படி நிறுத்திப் பார்ப்பது, அசந்த உடம்பு மிஷினுக்கே பழகிவிடாமல் இருக்கத்தான். மூச்சை இழுக்கிற முக்கியத் தசையான உதரவிதானம் சில நாளிலேயே மெலிகிறது. பத்து நாளில் தொடைத் தசையில் ஆறில் ஒரு பங்கு கரைந்துவிடுகிற நோயாளிகள் உண்டு. விழித்தபோது அம்மா கையை உதறினார், எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. "அம்மா, இன்னிக்கு வியாழக்கிழமை, உங்க பையன் வெளிய நிக்கறான்" என்று சிஸ்டர் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். நாளும் பெயரும் தெரிந்த குரலும் அந்தக் குழப்பத்துக்குப் பல மருந்துகளைவிட மேல். பையனை உள்ளே அழைத்துக் கையைப் பிடிக்கச் சொன்னோம்.

எல்லாரும் இப்படித் தேறிவிடுவதில்லை. 2016-இல் வெளியான 50 நாடுகளின் கணக்கில் ஏ.ஆர்.டி.எஸ். வந்தவர்களில் 10-க்கு 4 பேர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள். அதை மறைத்து நம்பிக்கை கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் மிஷினில் போட்டாலே முடிந்தது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்களைப் பார்க்கும்போது, மிச்சம் 6 பேரின் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஏழாம் நாள், மிஷினின் உதவியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பார்த்தோம். நிமிடத்துக்கு 22 மூச்சு, ஒவ்வொன்றும் 300 மில்லிக்கு மேல், எல்லாம் அவருடையதே. ட்யூபை எடுத்தோம். கரகரத்த குரலில் முதலில் கேட்டது: "மாட்டுக்குத் தண்ணி காட்னியாடா?"

ஆறு வாரம் கழித்து ஓ.பி.க்கு வந்தார். எடை 63 கிலோ. பால் கேனைத் தூக்க முடியவில்லை என்றார். கையில் மூச்சுப் பயிற்சிக்கான, மூன்று உருண்டை போட்ட பிளாஸ்டிக் கருவி. வீட்டில் அதை ஊதிக்கொண்டிருந்திருக்கிறார், பலரும் செய்கிற தப்பு. ஊதக் கூடாது, வாயில் வைத்து உள்ளே இழுக்க வேண்டும் என்று காட்டினேன். இழுத்தார். முதல் உருண்டை எழுந்தது, இரண்டாவதும். மூன்றாவது அடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை" என்றான் பையன்.