டம்பிங் வரி: 'குவிப்பு' என்பது சரியான சொல்தானா?

கீழக்கரையில் ஒரு பாத்திரக்கடை. கடலுக்குப் போகிறவர்கள் டீ ஊற்றிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி எஃகு பிளாஸ்க் ஒன்று வாங்கப் போயிருந்தேன். முன்பு வாங்கியதைவிட இருநூறு ரூபாய் கூடச் சொன்னார் கடைக்காரர்.

"என்ன பாய், இப்படி ஏத்திட்டீங்க?"

"சீனா சரக்கு தம்பி. டம்பிங் வரி போட்டுட்டாங்க."

"டம்பிங்னா?"

"அங்க விக்காததைக் கொண்டாந்து இங்க கொட்டுறது."

பாய் சொன்னது சொல்லின் நேர்ப்பொருளுக்குச் சரி. சட்டம் சொல்வது வேறு, அது விலையைப் பற்றியது. வரி போட்டது உண்மைதான். 2025 மார்ச்சில் சீனாவிலிருந்து வரும் வெற்றிட எஃகு பிளாஸ்க்குகளுக்கு இந்திய அரசு டன்னுக்கு 1,732 டாலர் வரை, 5 ஆண்டுக்கு இந்த வரியை விதித்தது. அரைக்கிலோ எடையுள்ள பிளாஸ்க்குக்கு ஒரு டாலர்கூட வராது. ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் நூறு ரூபாயைத் தொடாது. மீதி நூறு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, டீ முக்கியம்.

சரி, செய்தித்தாள்கள் 'குவிப்பு' என்று எழுதும் இந்தச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'டம்ப்' என்றால் தொப்பென்று போடுவது, வண்டியைக் கவிழ்த்துக் கொட்டுவது. குப்பை கொட்டும் இடத்துக்கும் அதே சொல். (நம் 'டம்பம்' இதற்கு உறவல்ல, அது வடமொழி வழியாக வந்தது.) வெளிநாட்டில் மலிவாக விற்பதற்கு இந்தச் சொல் பழகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அதற்கு எதிராக முதலில் சட்டம் போட்ட நாடு கனடா, 1904-இல். அப்போது நிதியமைச்சர் ஃபீல்டிங். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் அடுத்த ஓரிரு ஆண்டில் பின்தொடர்ந்தன. 1923-இல் ஜேக்கப் வைனர் என்ற பொருளியலாளர் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, சொல்லுக்கு ஓர் எல்லை கட்டினார்: இரண்டு நாட்டுச் சந்தைகளுக்கிடையே விலையில் வேறுபாடு காட்டுவதே டம்பிங். 1947-இன் காட் எனும் பன்னாட்டு வணிக ஒப்பந்தம் ஆறாவது பிரிவில் இதைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டம், பிரிவு 9அ.

வைனர் சொன்னதில் 'கொட்டுவது' எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு வந்து இறங்குகிறது என்பது டம்பிங்கா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில்லை. மலிவாக இருப்பதும் குற்றமில்லை. தன் ஊரில் ஒரு விலைக்கு விற்பவன், அதே சரக்கை அடுத்த நாட்டுக்கு அதைவிடக் குறைத்து அனுப்புகிறான். அவ்வளவுதான்.

நம் கரையில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் ஜூன் நடுவில் முடிகிறது. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் ஒரே மூச்சில் கடலுக்குப் போகின்றன. மீன்பாடு நன்றாக இருந்தால் ஏலத்தில் விலை விழும், சங்காயத்தை (கழித்துப்போடும் பொடிமீனை) கேட்க ஆள் இருக்காது. சரக்குக் குவிந்தது, விலை இறங்கியது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒரு வியாபாரி ராமநாதபுரத்தில் கிலோ 400 ரூபாய்க்கு விற்கும் மீனை மதுரையில் மட்டும் 250-க்குக் கொடுத்து, அங்கே இருக்கிற கடைக்காரனைக் கடையைச் சாத்த வைக்கிறான் என்று வையுங்கள். அதுதான் டம்பிங்கின் சாயல். மதுரையை வெளிநாடாக நினைத்துக்கொள்ள வேண்டும், மதுரைக்காரர்கள் மன்னிக்கட்டும்.

இப்போது நம் செய்தித்தாள்கள் எழுதும் சொல்லைப் பாருங்கள்: 'பொருள் குவிப்புத் தடுப்பு வரி'. குவிப்பு என்றதும் தமிழ்நாட்டில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சொத்துக் குவிப்பு வழக்கு. அடுத்து, கிடங்கில் பதுக்கல். இரண்டுக்கும் இங்கே வேலையில்லை. ஆங்கிலச் சொல்லின் மேல்தோலை மட்டும் உரித்து ஒட்டியதால் வந்த வினை இது. சட்டத்தின் உயிர் விலையில் இருக்க, சொல் அளவைப் பேசுகிறது.

'வரி'யும் சற்றுத் தளர்ந்த சொல்தான். சுங்கத்தில் 'தீர்வை' என்றுதான் பழைய அலுவலகத் தமிழ் எழுதியது: சுங்கத் தீர்வை, ஆயத்தீர்வை. அதற்கும் முன்னால் போனால் 'உல்கு'. குறளில் அரசனின் வருவாயை எண்ணும் இடத்தில் 'உல்குபொருள்' வருகிறது. சுங்கம் தவிர்த்த சோழன் என்று முதலாம் குலோத்துங்கனுக்குப் பெயர். கீழக்கரைக்குப் பக்கத்துப் பெரியபட்டினத்தில் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்தத் தட்டுகளும் கிண்ணங்களும் கரையேறியபோது எவ்வளவு உல்கு வாங்கினார்களோ! அதே சீனப் பீங்கான் பாத்திரங்களுக்கு 2018-இல் இந்தியா டம்பிங் வரி விதித்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உல்கை மீட்கச் சொல்லவில்லை. வரி என்றே இருக்கட்டும், மக்களுக்குத் தெரிந்த சொல்.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரு மிக்ஸி தன் நாட்டில் 1,000 ரூபாய், இங்கே அனுப்பும் விலை 700 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 300. இன்னொரு கணக்கும் உண்டு: உள்நாட்டு உற்பத்தியாளருக்குக் கட்டுப்படியாகும் விலை 900, இறக்குமதி மிக்ஸி வழிச்செலவும் சுங்கமும் சேர்ந்து கரைசேரும் விலை 720 என்றால் பாதிப்பின் அளவு 180. இந்தியா இரண்டில் சிறியதைத்தான் வரியாகப் போடும், அதாவது 180. முதல் கணக்கின் வித்தியாசம் ஏற்றுமதி விலையில் 2 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் விசாரணையையே கைவிட்டுவிட வேண்டும். விசாரிப்பது வணிக அமைச்சகத்தின் கீழ் 2018 முதல் இயங்கும் வணிகத் தீர்வுகள் தலைமை இயக்ககம். அது பரிந்துரைக்க மட்டுமே செய்யும், வரியை விதிப்பது நிதி அமைச்சகம்.

விதித்த வரி 5 ஆண்டில் தானாக உதிர வேண்டும். உதிர்வதற்கு முன் நடப்பதுதான் 'சன்செட் ரிவ்யூ'. இதை 'சூரிய அஸ்தமன மறுஆய்வு' என்று மொழிபெயர்த்து ஒருவர் எழுதியதைப் படித்தேன். தனுஷ்கோடியில் அஸ்தமனம் பார்க்கக் கூட்டம் வருவது தெரியும். அதை மறுஆய்வு செய்ய யார் வருகிறார்கள்? 'காலமுடிவு மறுஆய்வு' போதும். இடையில் நிலைமை மாறினால் 'இடைக்கால மறுஆய்வு'. விசாரணை நடந்த காலத்தில் ஏற்றுமதியே செய்யாத புதிய ஆள் தனக்கென ஒரு விகிதம் கேட்டால் 'புது ஏற்றுமதியாளர் மறுஆய்வு'.

காலமுடிவு மறுஆய்வில் கேட்கும் கேள்வி பலருக்குத் தவறாகப் பதிந்திருக்கிறது. 'இப்போதும் டம்பிங் நடக்கிறதா' என்பதல்ல அது. 'வரியை எடுத்தால் டம்பிங்கும் பாதிப்பும் தொடருமா, திரும்ப வருமா' என்பது. வரி இருப்பதால் இறக்குமதி நின்றுபோயிருக்கலாம். அதைக் காட்டி 'பாருங்கள், நோயே இல்லை, மருந்தை நிறுத்துங்கள்' என்று இறக்குமதியாளர் வாதாடுவார். 'மருந்தால்தான் நோய் இல்லை' என்பார் உள்நாட்டுக்காரர். மறுஆய்வு முடியாமல் இழுத்தால் வரி மேலும் ஓராண்டு வரை ஓடலாம்.

வீட்டுச் சாதனங்களில் இது எப்படி ஓடும் என்பதற்குச் சலவை இயந்திரக் கதையை விஞ்ச வேறில்லை. 2013-இல் தென்கொரியா, மெக்சிகோவிலிருந்து வந்த பெரிய சலவை இயந்திரங்களுக்கு அமெரிக்கா டம்பிங் வரி போட்டது. உற்பத்தி சீனாவுக்கு நகர்ந்தது. 2017-இல் சீனாவுக்கும் வரி. உற்பத்தி தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் தாவியது. ஒவ்வொரு நாடாகத் துரத்தி அலுத்துப்போய், 2018-இல் பாதுகாப்பு வரி என்ற வேறொரு ஆயுதத்தை எடுத்தார்கள்: முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 விழுக்காடு, அதற்கு மேல் 50. வேடிக்கை என்னவென்றால், வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது, இரண்டையும் ஜோடியாக வாங்குவது அங்கே வழக்கம் என்பதால். சலவை இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 12 விழுக்காடு ஏறியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். என் பிளாஸ்க்கின் மர்ம நூறு ரூபாயும் இந்தச் சாதியோ என்னவோ.

இந்தச் சொல்லின் மறுபக்கம் நம் கரைக்கு இன்னும் நெருக்கமானது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இறாலில் பிழைப்பவர்களுக்கு டம்பிங் என்பது பிறர் செய்யும் குற்றமல்ல, தம்மேல் விழுந்த பழி. இந்தியா உள்ளிட்ட 6 நாடுகளின் உறைய வைத்த இறாலுக்கு 2005 பிப்ரவரியில் அமெரிக்கா டம்பிங் வரி விதித்தது. பண்ணை இறால், கடல் இறால் இரண்டுக்கும். காலமுடிவு மறுஆய்வுகள் வந்து போயின. இந்திய இறாலுக்குப் பொழுது சாயவே இல்லை. இருபது ஆண்டு தாண்டியும் வரி நிற்கிறது. உலக வணிக அமைப்பில் வழக்காடி வென்ற ஈக்வடார் 2007-இல் தப்பியது. வரியைக் கட்டுவது அங்கே வாங்குகிறவர்தான். ஆனால் அதைக் கழித்துக்கொண்டு அவர் கேட்கும் விலை, கைமாறிக் கைமாறிக் கடைசியில் நம் இறால் குட்டைக் கரையில் வந்து நிற்கும்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? 'தாழ்விலை இறக்குமதித் தடுப்பு வரி' பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது, வாய்க்கு நீளம். பேச்சில் 'சரக்கைத் தள்ளிவிட்டுட்டான்' என்கிறோமே, அதில் கொட்டுவதும் இருக்கிறது, விலை குறைப்பதும் இருக்கிறது. அதிலிருந்து 'தள்ளுவிலை', 'தள்ளுவிலைத் தடுப்பு வரி' என்று செய்துவைத்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த சொல். அடுத்த முறை கடைக்குப் போனபோது பாயிடம் பெருமையாகச் சொன்னேன்.

"தள்ளுவிலையா? ஆடித் தள்ளுபடி மாதிரியில்ல இருக்கு."

"இல்ல பாய். தள்ளுபடின்னா எல்லாருக்கும் ஒரே குறைப்பு. இது அவன் ஊர்ல ஒரு விலை, நம்ம ஊர்ல ஒரு விலை."

பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே பாய் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப ரெட்டை விலைன்னு சொல்லிட்டுப் போங்களேன்."