எழவிடாத ஏழு கட்டைகள்

வீடியோ கேம் ஏன் ஆளைப் பிடித்துக்கொள்கிறது என்று கேட்டால் உடனே வரும் பதில் ‘டோபமைன்’, இன்பத்தோடு சேர்த்துப் பேசப்படும் மூளை வேதிப்பொருள். தப்பான பதில் இல்லை. லண்டனில் எட்டு ஆண்களை ஸ்கேனரில் படுக்கவைத்து, டாங்கி ஓட்டும் கேம் ஒன்றை ஆடச்சொல்லி, ஆட்டத்தின்போது மூளையின் ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமைன் கூடுதலாகச் சுரப்பதைக் கண்டார்கள். ஆய்வு 1998இல் வெளியானது. ஆனால் ஒரு கேமைப் பத்து நிமிடத்தில் தூக்கிப்போடுகிற அதே ஆள் இன்னொன்றை விடியவிடிய ஆடுவது ஏன் என்று இந்தப் பதிலை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குக் கேமின் உள்ளே இறங்கி எண்களைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்க டெட்ரிஸைவிடத் தோதான கேம் இல்லை. மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்க வேண்டும்; ஒரு வரிசை இடைவெளியின்றி நிறைந்தால் மறையும்; அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும். கதை கிடையாது, பாத்திரங்கள் கிடையாது. 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாதமியின் கணினி மையத்தில் அலெக்சி பாஜித்னவ் இதை எழுதிய எலெக்ட்ரோனிகா 60 இயந்திரத்தில் படம் வரையும் வசதியே இல்லை. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். அந்த நிலையிலேயே பக்கத்து மேசைக்காரர்களின் வேலை கெட்டது. ஆக, இழுப்பது படமோ இசையோ இல்லை.

நான்கு சதுரங்களை ஒட்டினால் ஏழு வடிவங்கள் கிடைக்கும்: நீளக்கட்டை, சதுரம், டி, எல், அதன் கண்ணாடி பிம்பமான ஜே, வளைந்த எஸ், இசட். விழும் குழியின் அகலம் 10 கட்டம். கட்டைக்கு 4 கட்டம் என்றால் 10 கட்டைகளுக்கு மிகச்சரியாக 4 வரிசை. கணக்குப்படி ஒரு சதுரம்கூட மிஞ்சாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத குழந்தைக்கும் கண் அதைச் சொல்லிவிடுகிறது. எல்லாம் பொருந்தும் என்ற நம்பிக்கை பார்த்த மாத்திரத்தில் வந்துவிடும்.

அதைக் கெடுப்பவை எஸ்ஸும் இசட்டும். சமதளத்தில் எப்படித் திருப்பி வைத்தாலும் இவை அடியில் ஒரு பொந்தை விட்டுவிடும். இவை பொந்தில்லாமல் உட்கார முன்கூட்டியே ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு மட்டும் மாறிமாறி வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரரும் தோற்றே தீருவார் என்று ஹெய்டி பர்கியேல் என்ற கணிதவியலாளர் 1997இல் நிரூபித்தார். கட்டைகள் உண்மையாகவே தற்செயலாக வந்தால் அப்படியொரு வரிசையும் என்றைக்காவது வந்துதானே ஆக வேண்டும்? எனவே தோல்வி உறுதி. ஆடுபவர் செய்வதெல்லாம் அதைத் தள்ளிப்போடுவதுதான்.

இங்கே ஒரு குரூரமான ஏற்பாடும் இருக்கிறது. சரியாகச் செய்தது மறைந்துவிடும். தப்பாகச் செய்தது மட்டும் கண்ணெதிரே நிற்கும். நிறைந்த வரிசை அரை நொடிக்குள் காணாமல் போகிறது. பொந்து விழுந்த வரிசையோ, மேலே இருப்பதைக் காலிசெய்யும்வரை அங்கேயே கிடந்து உறுத்துகிறது. அதைச் சரிசெய்யும் நேரத்தில் அடுத்த கட்டை கிளம்பிவிடும். இதில் எழுந்து போவதற்கான இடைவெளி எங்கே? கட்டை விழுந்து முடிவதற்கு முன்பே ‘அடுத்தது’ என்ற சின்னப் பெட்டியில் அடுத்த கட்டை தெரிகிறது. கை இதை வைக்கும்போது மனம் அதை வைக்கப் போய்விடுகிறது. ஒரு வேலை முடிந்தது என்று மூச்சு விடும் கணமே இந்த ஆட்டத்தில் இல்லை.

புள்ளி முறை இதற்கு மேல் எண்ணெய் ஊற்றுகிறது. 1989இல் நின்டெண்டோ தன் என்.இ.எஸ் என்ற வீட்டுக் கேம் கருவிக்கு வெளியிட்ட பதிப்பில், தொடக்க நிலையில் ஒரு வரிசை அழித்தால் 40 புள்ளி, இரண்டு சேர்ந்தால் 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200. நான்கு வரிசைகளைத் தனித்தனியாக அழித்தால் மொத்தம் 160தான். ஒரே அடியில் அழித்தால் அதைப்போல் ஏழரை மடங்கு. நான்கையும் ஒரே அடியில் அழிக்க நீளக்கட்டையால் மட்டுமே முடியும். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர் ஓரத்தில் ஒரு பத்தியைத் திறந்துவைத்து, மற்ற ஒன்பதையும் உயர்த்திக்கொண்டே போவார். உயர உயர ஆபத்து. உயரா விட்டால் புள்ளி இல்லை. பந்தயத்தை வைக்கச்சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. தானே செங்கல் செங்கலாகக் கட்டியது.

பிறகு நீளக்கட்டைக்குப் பஞ்சம் வரும். ஏழில் ஒன்று என்ற வாய்ப்பில் தற்செயலாக வந்தால், தொடர்ந்து 20 கட்டைகளில் ஒரு நீளக்கட்டைகூட வராமலிருக்க வாய்ப்பு சுமார் 4.6 விழுக்காடு. சின்ன எண்தான். ஆனால் நல்ல ஆட்டமொன்றில் நூற்றுக்கணக்கான கட்டைகள் விழும். பஞ்சம் ஓரிரு முறையாவது எட்டிப்பார்க்கும். 1989 பதிப்பில் ஒரு சின்னத் தடுப்பு உண்டு: போன கட்டையே மறுபடி வந்தால் இன்னொரு முறை குலுக்கும். அதனால் அடுத்தடுத்து ஒரே கட்டை வருவது ஏறக்குறைய 28க்கு 1 ஆகக் குறைந்தது. பஞ்சத்துக்கு அது மருந்தில்லை.

மருந்து 2001 வாக்கில் வந்தது. ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பது, தீர்ந்ததும் புதுப் பை. இப்போது இரண்டு நீளக்கட்டைகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வர முடியும். இது கருணை போலத் தெரியும். ஆனால் அதிர்ஷ்டத்தைத் திட்டும் வழி அடைபட்டதால், தோற்றால் காரணம் நாம் வைத்த அந்த ஒரு கட்டைதான் என்று பளிச்சென்று தெரியும். ‘அதை மட்டும் மாற்றி வைத்திருந்தால்’ என்ற எண்ணம்தான் அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வைக்கிறது. தன் தவறு என்று தெரிந்த தோல்விபோல மறுபடி இழுப்பது வேறில்லை.

இந்தப் பை முறைக்கும் ஒரு கேடு உண்டு. வேகம் மிதமாக இருந்து, ஒரு கட்டையைத் தனியே எடுத்துவைக்கும் வசதியும் இருந்தால், குறித்த ஒரு முறையில் அடுக்கி முடிவே இல்லாமல் ஆடலாம். ஆபத்து போனால் ஆட்டம் வேலையாகிவிடும். அதனால் புதிய பதிப்புகள் ஆபத்தை எதிராளியிடமிருந்து வரவழைக்கின்றன. 2019இல் வந்த டெட்ரிஸ் 99இல் 99 பேர் ஒரே நேரத்தில் ஒருவர் குழிக்குள் இன்னொருவர் குப்பை வரிசைகளைத் தள்ளுகிறார்கள்.

வேகத்தின் கணக்கு தனி ருசி. 1989 பதிப்பில் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொன்றையும் ஃப்ரேம் என்கிறோம். தொடக்க நிலையில் கட்டை ஒரு வரிசை இறங்க 48 ஃப்ரேம், 20 வரிசைக்கு 16 நொடி. 9ஆம் நிலையில் வரிசைக்கு 6 ஃப்ரேம், மொத்தம் 2 நொடி. 29ஆம் நிலையில் வரிசைக்கு ஒரே ஃப்ரேம்: மேலிருந்து கீழே நொடியில் மூன்றில் ஒரு பங்கு. பொத்தானை அழுத்திப் பிடித்தால் முதல் நகர்வுக்குப் பிறகு 16 ஃப்ரேம் காத்திருந்து, அதன்பின் 6 ஃப்ரேமுக்கு ஒரு கட்டம் நகரும். அந்தக் காத்திருப்பை முன்பே முடித்து வைத்திருந்தாலும், 20 ஃப்ரேமுக்குள் மூன்று நான்கு கட்டம்தான் போகலாம். ஓரத்தை எட்ட முடியாது. ஆகவே 29தான் ஆட்டத்தின் சுவர் என்று நீண்ட காலம் நம்பினார்கள்.

சுவரை உடைத்தது விரல்கள். முதலில் கட்டைவிரலை நடுங்கவிட்டு நொடிக்குப் பத்துக்கு மேல் தட்டினார்கள். பிறகு இன்னும் சாமர்த்தியமான முறை வந்தது: ஒரு கட்டைவிரலைத் திசைப் பொத்தான்மேல் லேசாக வைத்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் கன்ட்ரோலரின் முதுகை மேசையில் தாளம் போடுவதுபோல் வரிசையாகத் தட்டுவது. ஒவ்வொரு தட்டுக்கும் பொத்தான் தானே போய் விரலில் அழுந்தும். நொடிக்கு இருபதைத் தொடலாம். 2023 டிசம்பரில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன், வயது 13, இப்படி ஆடி 157ஆம் நிலைக்குப் போனபோது புள்ளிக் கணக்கைச் சமாளிக்க முடியாமல் கேமே உறைந்து நின்றது. மனிதரிடம் இந்த ஆட்டம் ‘தோற்க’ 34 ஆண்டு ஆனது.

டெட்ரிஸை ஓட்டிய நின்டெண்டோவின் கேம் பாய் இதில் எங்கே வருகிறது? 1989இல் வந்த அந்தக் கையடக்கக் கருவியின் திரை 160க்கு 144 புள்ளிகள், நான்கு சாயல்கள், பின்னொளி கிடையாது. வேகமாக ஓடும் பின்னணி அதில் கறைபோல் இழுபடும். டெட்ரிஸில் பின்னணி ஓடுவதே இல்லை. ஒரே ஒரு கட்டை, அதுவும் படிப்படியாக இறங்கும். திரையின் குறை தெரியவே இல்லை. மங்கலான திரையால் நான்கு சின்ன பேட்டரிகள் 15 மணிநேரத்துக்குக் குறையாமல் ஓடின. போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியர் வண்ணத்திரையும் பின்னொளியும் கொண்டது. ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணிநேரத்தில் காலிசெய்தது. எழவிடாத கேமுக்கு எழவைக்காத கருவி. (நம்மூர்த் திருவிழாக் கடைகளில் ‘9999 இன் 1’ என்று விற்ற பிரிக் கேமும் இந்த வம்சம்தான். உள்ளே இருந்த ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மீதி வேகமும் தொடக்கமும் மாறிய நகல்கள்.)

ஆட்டம் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு தூக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். டெட்ரிஸ் ஆடிய 27 பேரில் 17 பேர் தூக்கம் பிடிக்கும் தருணத்தில் கட்டைகள் விழுவதைக் கண்டார்கள். அவர்களில் மறதிநோயாளிகள் மூவர்; கேம் ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை.

கைபேசிக் கேம்களின் பிடி வேறு ஜாதி. கேண்டி கிரஷில் ஐந்து உயிர்கள். தீர்ந்தால் ஓர் உயிர் திரும்ப 30 நிமிடம். வேண்டுமென்றே எழுப்பி அனுப்பி, ஏக்கத்தோடு திரும்ப வரவைக்கும் வித்தை, காசு கொடுத்தால் காத்திருப்பு இல்லை. டெட்ரிஸ் போகவே விடாது. இது போகச்சொல்லி வாசலில் நிற்கும். இரண்டையும் ‘அடிமைத்தனம்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எழ நினைப்பவர்களுக்கு டெட்ரிஸுக்குள்ளேயே கதவு இருக்கிறது. கேம் பாய் பதிப்பின் ‘பி’ வகை ஆட்டம் 25 வரிசையில் முடியும். புதிய பதிப்புகளில் 40 வரிசை ஓட்டம் உண்டு. சுமார் 100 கட்டை, பழகியவருக்கு ஒன்றிரண்டு நிமிடம். முடிந்ததும் எடுத்த நேரம் திரையில் வரும், நூறில் ஒரு நொடிவரை துல்லியமாக. அதற்கு நேர் கீழே ‘மறுபடி’ பொத்தான்.