வால்வைத் திருகினால் ஆம்ப்ஸ் இறங்கும், யூனிட் ஏறும்

"எங்கள் ஊராட்சியில் பழைய 10 ஹெச்பி மோட்டாரைக் கழற்றிவிட்டு 15 ஹெச்பி இறக்கினார்கள். தொட்டி நிரம்பும் நேரம் பெரிதாகக் குறையவில்லை, கரண்ட் பில் மட்டும் ஏறிவிட்டது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தப் பம்ப் அறையில் உள்ள கேட் வால்வைப் பாருங்கள். பெரும்பாலும் பாதி மூடியிருக்கும். முழுக்கத் திறந்தால் மோட்டார் டிரிப் ஆகிறது, அதனால் ஆபரேட்டர் திருகி வைத்திருப்பார். வால்வைத் திருகியதும் ஆம்ப்ஸ் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கரண்ட் மிச்சம் என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. மோட்டார் ஓடும்போது போர்வெல்லில் நீர்மட்டம் 60 மீட்டர் ஆழத்தில். தொட்டியில் தண்ணீர் விழும் வாய் தரையிலிருந்து 15 மீட்டர் உயரத்தில். ஆக, ஏற்ற வேண்டிய உயரம் 75 மீட்டர். மணிக்கு 24,000 லிட்டர் ஓடினால் குழாய் உராய்வுக்கு இன்னும் 5 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 மீட்டர் ஹெட் (உயரமும் உராய்வும் சேர்த்து பம்ப் தள்ள வேண்டிய அளவு) போதும். ஆனால் டெண்டர் போடும்போது கோடையில் நீர்மட்டம் இறங்கும், எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்குக் கொஞ்சம் கூட்டி, 24,000 லிட்டரை 95 மீட்டருக்குத் தள்ளும் 15 ஹெச்பி, 12 ஸ்டேஜ் சப்மெர்சிபிள் வாங்கியாயிற்று. ஸ்டேஜ் என்பது ஓர் அடுக்கு; ஒவ்வொன்றிலும் தண்ணீரைச் சுழற்றி வீசும் ஒரு சக்கரம், அதாவது இம்பெல்லர், இருக்கும்.

இந்தப் பம்புக்கு வால்வை முழுக்கத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? மிஞ்சி நிற்கும் ஹெட், ஓட்டமாக மாறும். ஓட்டம் கூடக் கூட உராய்வு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் (ஓட்டம் 2 மடங்கானால் உராய்வு 4 மடங்கு). பம்ப் தரும் ஹெட்டோ இறங்கிக்கொண்டே வரும். இரண்டும் சமமாகும் இடத்தில், சுமார் 83 மீட்டரில், மணிக்கு 30,000 லிட்டரில் பம்ப் நிலைகொள்ளும். இந்த வகைப் பம்பில், இம்பெல்லர் நொடிக்கு எவ்வளவு தண்ணீரைச் சுழற்றி வீசுகிறதோ அதற்கேற்ப மோட்டாரின் பாரமும் ஏறும். மீட்டரில் 15.5 கிலோவாட் காட்டும். 15 ஹெச்பி மோட்டாருக்கு அது அதிகம், ஓவர்லோடு ரிலே தட்டிவிடும். வால்வைத் திருகினால் ஓட்டம் 24,000 லிட்டருக்கும் மின்சாரம் 14 கிலோவாட்டுக்கும் இறங்கும்.

இப்போது தொட்டி நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். திறந்த வால்வில் 2 மணி நேரம், 31 யூனிட். திருகிய வால்வில் இரண்டரை மணி நேரம், 35 யூனிட். ஆம்ப்ஸ் இறங்கியது உண்மை. அதைவிட வேகமாகத் தண்ணீர் குறைந்துவிட்டது. அதனால் பார்க்க வேண்டிய எண், ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்பது. திருகிய வால்வில் அது 0.58. பம்ப் தரும் 95 மீட்டரில் 15 மீட்டரை அந்த வால்வே தின்கிறது. அதாவது 35 யூனிட்டில் ஐந்தரை யூனிட். தினம் இருமுறை நிரப்பினால் ஆண்டுக்கு 4,000 யூனிட் அந்த வால்வால் வீணாகப் போகிறது.

உங்கள் ஊரில் இதைக் கண்டுபிடிக்க வால்வுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரஷர் கேஜ் வேண்டும். 1 கிலோ அழுத்தம் என்பது 10 மீட்டர் ஹெட். முன்னால் 3.5, பின்னால் 2 என்று காட்டினால் வால்வு தின்பது 15 மீட்டர். தண்ணீரின் அளவுக்குத் தொட்டி நிரம்பும் நேரம், மின்சாரத்துக்கு மீட்டர் ரீடிங். போரில் நீர்மட்டம் பார்க்க, மெல்லிய டியூபை 80 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மேல்முனையில் ஒரு கேஜ் மாட்டி, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். டியூபுக்குள் இருக்கும் தண்ணீர் முழுக்க வெளியேறியதும் கேஜ் முள் அதற்குமேல் ஏறாது. 2 கிலோவில் நின்றால் டியூபில் 20 மீட்டர் தண்ணீருக்குள் இருக்கிறது. நீர்மட்டம் 60 மீட்டர். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், நின்றபின் அளந்தால் ஊறிவந்த மட்டம்தான் கிடைக்கும். மணிக்கு கனமீட்டரையும் மொத்த ஹெட்டையும் பெருக்கி 367-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச்சேர்ந்த கிலோவாட். 24 × 95 / 367 = 6.2. மீட்டரில் 14. திறன் 44 சதவீதம்.

இதற்கு மருந்து, ஸ்டேஜைக் குறைப்பது. 12 ஸ்டேஜ் 95 மீட்டர் தருகிறது என்றால் ஒன்று சுமார் 8 மீட்டர். இரண்டைக் கழற்றினால் கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய 80 மீட்டர். வால்வை முழுக்கத் திறந்து வைக்கலாம், மின்சாரம் 12 கிலோவாட்டுக்கு வரும், தொட்டிக்கு 30 யூனிட். கழற்றிய இம்பெல்லர்களின் இடத்தில் ஷாஃப்டில் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது ஷாஃப்டையே குட்டையாக்க வேண்டும். விட்டுவிட்டால் மற்ற இம்பெல்லர்கள் இடம் நகர்ந்து, அவற்றைச் சுற்றியுள்ள கூடான பவுலை உரசும். கோடையில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு வருடம் குறித்துப் பார்த்தபின் கழற்றுவது நல்லது.

விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டால் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காக) மின்சாரம் குறையும் என்று விற்க வருபவர்கள் சொல்வார்கள். முழுக்க உராய்வாக உள்ள குழாய்க்கு அது சரி. இங்கே 80 மீட்டரில் 75 மீட்டர் வெறும் உயரம். வேகத்தை 75 சதவீதமாக்கினால் பம்பின் ஹெட் 56 சதவீதமாகும். தண்ணீர் தொட்டி வாயை எட்டாமல் மோட்டார் மட்டும் சுற்றிச் சூடாகலாம். கிலோமீட்டர் கணக்கில் சமதளத்தில் ஓடும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் விஎஃப்டிக்கு வேலை உண்டு.

இரண்டு கேஜும் ஒரு ஃப்ளோ மீட்டரும் புது மோட்டாரின் விலையில் சிறு பகுதிதான். ஆனாலும் திட்ட நிதியில் மோட்டாருக்குக் கிடைக்கும் ஒப்புதல் அளவுக்கருவிக்குக் கிடைப்பதில்லை. மின்கட்டணம் அதற்கென ஒதுக்கிய, ஊராட்சியின் 2-ஆம் எண் கணக்கிலிருந்து போகிறது. அங்கே மிச்சமாகும் பணத்தில் ஊராட்சி ஒரு தெருக்குழாய்கூடப் போட முடியாது என்றால் யார் அக்கறையாக அளப்பார்கள்? மிச்சத்தில் ஒரு பங்கையாவது ஊராட்சியின் பொதுநிதிக்கு விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரிசெய்த பிறகும் மாதம் ஒருமுறை கேஜ் அழுத்தம், தண்ணீரின் அளவு, மின்சாரம், நீர்மட்டம் ஆகிய நான்கையும் நோட்டில் எழுதுங்கள். ஆயிரம் லிட்டருக்கான யூனிட் ஏறினால், நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது அப்படியே இருந்து வால்வுக்குப் பின்னுள்ள கேஜ் ஏறியிருந்தால், குழாயில் உப்புப் படிந்திருக்கிறது. கேஜும் தண்ணீரும் சேர்ந்து குறைந்திருந்தால், மணல் இம்பெல்லரைத் தின்றிருக்கலாம் அல்லது போருக்குள் இறக்கிய குழாயின் இணைப்பு ஒழுகலாம்; பம்பை மேலே எடுத்தாக வேண்டும்.