மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மீட்டர் ஓடினால்

கோலாலம்பூரில் வீடுகளுக்கு வயரிங் செய்யும் உரிமம் பெற்ற ஒயர்மேன் என்ற முறையில் நான் அடிக்கடி காண்பது இது: மின்சாரத்தைத் திருடினால் தண்டனை உண்டு என்பது எல்லாருக்கும் தெரிகிறது, திருடாதவருக்கும் அதன் பணச்சுமை வந்து சேரலாம் என்பது தெரிவதில்லை. 1990ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டத்தில் 37ஆம் பிரிவு, மீட்டரில் கைவைப்பதையும் திருட்டு இணைப்பு எடுப்பதையும் குற்றமாக்குகிறது. 38ஆம் பிரிவோ, இணைப்பைத் துண்டிக்கவும், மீட்டரில் பதிவாகாமல் போன மின்சாரத்துக்கான தொகையைப் பயனீட்டாளரிடம் கோரவும் விநியோக நிறுவனத்துக்கு வழிவிடுகிறது. குற்றம் செய்தவர் யார் என்று தேடுவதற்கு முன்பே, பில் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி வந்து நின்றுவிடும்.

கெப்போங் பக்கம் பழைய தெரஸ் வீடு ஒன்றை வாங்கிய குடும்பத்துக்கு நேர்ந்ததும் அதுதான். மீட்டர் பலகைக்குக் கீழே சுவரில் ஒரு முழ நீளத்துக்குச் சிமெண்டு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. மீட்டருக்குள் நுழையும் தடித்த கம்பியோடு, கறுப்பு டேப் சுற்றிய மெல்லிய கம்பி ஒன்று சேர்க்கப்பட்டு, அந்தச் சிமெண்டுக்குள் மறைந்து, மேல்மாடி அறையின் ஏர்கோனுக்குப் போயிருந்தது. டேப்பின் ஓரத்தில் காப்புறை உருகி வழிந்து இறுகிக் கிடந்தது. அது முன்பிருந்தவர்கள் செய்த வேலை. ஆனால் வீடு வாங்கியவுடனே பில் கணக்கு இவர்கள் பெயருக்கு மாறிவிட்டது. சாவி வாங்கிய நாளில் மீட்டரையும் அதன் முத்திரையையும் தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தால், பின்னால் நடந்த எழுத்துப் போக்குவரத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது.

திருட்டு வேறு திசையிலும் நடக்கும். உங்கள் மீட்டருக்கும் வீட்டின் மெயின் சுவிட்சுக்கும் இடையிலான கம்பியில் யாராவது இணைப்பு எடுத்தால், அவர்களுடைய மின்சாரம் உங்கள் பில்லில் ஏறும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வீட்டின் டிபி பெட்டியில், அதாவது மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள். பழைய மீட்டரென்றால் தட்டு சுழலக்கூடாது. டிஜிட்டல் மீட்டரென்றால் சிவப்பு விளக்கு அணைந்தோ, அசையாமல் எரிந்தோ இருக்கலாம், விட்டுவிட்டு மின்னக்கூடாது. மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிடப்பட்டிருக்கும். அது 1000 என்றிருந்து, எல்லாம் அணைந்த நிலையிலும் 36 வினாடிக்கு ஒருமுறை விளக்கு மின்னினால், எங்கோ 100 வாட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நாள் முழுதும் அது அப்படியே ஓடினால் மாதத்துக்கு 72 யூனிட்.

மின்னுகிறது என்பதற்காக உடனே பக்கத்து வீட்டுக்காரரைத் திருடர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செந்தூல், ஜிஞ்சாங் போன்ற இடங்களின் பழைய பிளாட்டுகளில், ஒரே மீட்டர் அறையில் வரிசையாக இருக்கும் மீட்டர்களில் வீட்டு எண்கள் அழிந்தோ, மாறியோ போயிருப்பது அரிதல்ல. நீங்கள் மெயினை அணைக்கும்போது உங்கள் எண் எழுதிய மீட்டர் ஓடிக்கொண்டேயிருக்க, அடுத்த மீட்டர் நின்றுபோனால், அங்கே திருட்டு எதுவும் இல்லை. இரு வீடுகளும் இத்தனை காலமும் ஒன்றின் பில்லை மற்றொன்று கட்டி வந்திருக்கின்றன. மீட்டருக்கும் மெயினுக்கும் இடையிலான கம்பி பழுதாகி மின்கசிவு ஏற்பட்டாலும் இதே அறிகுறிதான் தெரியும். நல்ல அயலாரோடு வீண்பகை வளர்ந்த குடும்பங்களைப் பார்த்திருப்பதால், இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

உண்மையிலேயே கள்ள இணைப்பு இருந்தால், அதை நீங்களோ, என் போன்ற ஒயர்மேனோ பிடுங்கி எறியக் கூடாது. மீட்டரும் அதன் முத்திரையும் விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலுக்குரியவை. முத்திரையைத் தொட்டுவிட்டால் சாட்சியாக நிற்க வேண்டியவர் சந்தேகத்துக்குரியவராகிவிடுவார். படம் எடுத்து, பிளாட்டாக இருந்தால் நிர்வாக அலுவலகத்துக்கும் எழுதி, தெனாகாவிடம் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் புகையோ கருகல் வாடையோ இருந்தால் காத்திருக்காமல் தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழையுங்கள்.

பணத்தைவிட உயிர்தான் என் கவலை. மீட்டருக்கு முன்னால் எடுக்கப்படும் கம்பி வீட்டின் டிபி பெட்டி வழியாகப் போவதில்லை; அதனால் அதிகச் சுமையில் துண்டிக்கும் பிரேக்கரும் அதற்கு இல்லை, கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லை. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் மின்சார விதிகள் சொல்வது, அதற்கு மேற்பட்ட கசிவு மனித இதயத்துக்கு ஆபத்து என்பதால்தான். அந்தக் காவலே இல்லாத கம்பியில் தண்ணீர் சூடாக்கியை மாட்டிக் குளிக்கும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதறுகிறது.

“மீட்டரைக் கொஞ்சம் சரிசெய்தால் பில் பாதியாகும்” என்று சொல்லி வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அவர்கள் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சட்டத்தின் முன் நிற்கப்போவது நீங்கள். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளில் அரை மணி நேரத்துக்கொரு முறை அளவு பதிவாவதால், திடீரென விழும் பயனீடு சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும்.

சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், கூடவே நில்லுங்கள், கையில் ரொக்கம் எதுவும் கொடுக்காதீர்கள். பின்னர் கோரிக்கைக் கடிதம் வந்தால், மீட்டர் சோதனை அறிக்கை, படங்கள், எந்த மாதத்திலிருந்து எந்த அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்ற விவரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். நியாயம் கிடைக்கவில்லை என்று தோன்றினால் சுருஹான்ஜாயா தெனாகாவிடம், அதாவது எரிசக்தி ஆணையத்திடம், முறையிடலாம்.

வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. பிட்காயின் தோண்டும் கருவிகளை அடுக்க வாடகை வீடுகளைப் பிடித்து, மீட்டருக்கு வெளியே மின்சாரம் எடுப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஆள் நடமாட்டமே இல்லாத வீட்டில் இரவும் பகலும் காற்றாடிச் சத்தம் கேட்பதும், சன்னல்கள் அடைக்கப்பட்டிருப்பதும், பில் மட்டும் சின்னத் தொகையாக வருவதும் அதன் அடையாளங்கள். மின்கணக்கை வாடகைக்காரர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை மீட்டரைப் பார்க்க வருவேன் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி, சொன்னபடி போய்ப் பாருங்கள்.