குக்கர் அடியில் கரி

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடி வீட்டு அத்தை ஒரு நாள் குக்கரைக் கவிழ்த்துக் காட்டினார். அடி முழுக்கக் கரி. "கேஸ் தீரப்போகுதுன்னு நெனச்சேன். புது சிலிண்டர் மாட்டி ரெண்டு நாளாச்சு, இன்னும் இப்படியேதான் இருக்கு" என்றார். அடுப்போ முகம் பார்க்கலாம் போல மின்னியது. தினமும் துடைக்கிற கை அவருடையது.

அத்தை நினைத்ததில் தப்பில்லை. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. புரோப்பேன் எளிதில் ஆவியாகும் என்பதால் முதலில் அதுதான் அதிகம் வெளியேறும். கடைசியில் மிஞ்சும் பியூட்டேன் எரிவதற்குக் கூடுதல் காற்று கேட்கும், தீயும் கொஞ்சம் மஞ்சளாகும். புது சிலிண்டரிலும் கரி என்றால் குனிந்து அடுப்புக்கு அடியில் பார்க்க வேண்டியதுதான்.

குமிழைத் திருப்பியதும் வாயு, ஜெட் என்கிற பித்தளைத் துண்டின் ஊசிமுனைத் துளை வழியாகச் சீறி வரும். வேகமாகப் போகும் பஸ் ரோட்டோரக் காகிதங்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகுமே, அதுபோல இந்தச் சீற்றம் பக்கத்துக் காற்றை பர்னருக்குப் போகும் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டும் குழாயில் கலந்து, பர்னர் துளைகளில் வந்து எரியும். மோட்டார் கிடையாது, விசிறி கிடையாது. எரிவதற்கு முன்பே காற்றைக் கலக்கும் இந்த உத்தியை, 1855 வாக்கில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பன்சனும் கருவி செய்பவரான பீட்டர் தேசாகாவும் சேர்ந்து செம்மையாக்கினார்கள். பள்ளி ஆய்வகத்து பன்சன் பர்னரும் நம் சமையலறை அடுப்பும் ஒரே குடும்பம்.

கன அளவில் ஒரு பங்கு புரோப்பேன் முழுசாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31. இதில் ஒரு பகுதி குழாய் வழியே வரும், மிச்சத்தைத் தீ சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். குழாய் வாயில் சிலந்தி வலையோ, பொங்கிக் காய்ந்த பாலோ அடைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். காற்று போதுமானால், உடைந்த மூலக்கூறுத் துணுக்குகள் நீலமாக ஒளிரும். போதாவிட்டால் எரியாத கார்பன் நுண்துகள்களாகத் திரண்டு, சூட்டில் மஞ்சளாகத் தகதகக்கும். குளிர்ந்த பாத்திரத்தில் மோதியதும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதுதான் கரி. கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அது நச்சு வாயு, வாசனையும் கிடையாது, ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியதும் பர்னரைக் கழற்றினோம். பித்தளை பர்னரைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டோம். புளியிலிருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். நம் பாட்டிகள் குத்துவிளக்கு தேய்த்த அதே வேதியியல். அலுமினிய பர்னராக இருந்தால் சலவை சோடா பக்கமே போகக்கூடாது, காரம் அந்த உலோகத்தை அரித்துவிடும். அப்புறம், போர்வெல் தண்ணீரில் துடைத்துத் துடைத்து ஸ்டீல் தட்டில் வெள்ளைத் திட்டு படிந்திருந்தது. அது சுண்ணாம்பு, எலுமிச்சை மூடி போதும்.

பர்னர் துளைகளை ஊசியால் குத்தலாம். ஜெட்டைக் குத்தாதீர்கள், அது மெத்தென்ற பித்தளை. துளையின் விட்டம் 10 சதவீதம் அகன்றாலே பரப்பு 21 சதவீதம் கூடும், வாயுவும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு அதிகம் வரும், காற்று பற்றாது. குழாய் கேஸ் இணைப்பு எடுக்கும்போது மெக்கானிக் ஜெட்டை மாற்றுவதும் இந்தக் கணக்கால்தான். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அதில் கன அளவுக்கு வெப்பம் குறைவு, அதனால் பெரிய துளை தேவை. அந்த ஜெட்டோடு அடுப்பை மறுபடி சிலிண்டரில் மாட்டினால் தீ மஞ்சளாக எகிறும். வீடு மாறும்போது பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

அத்தை வீட்டு அடுப்புக் குழாயிலிருந்து சிலந்தி வலை ஒரு கொத்து வந்தது. பர்னரை நன்றாகக் காயவைத்து மாட்டிப் பற்றவைத்தோம். நீலம்.

கொஞ்ச நேரத்தில் ரசம் பொங்கி வழிந்து, தீ பளிச்சென்று மஞ்சளானது. "போச்சு, திரும்பவும் ஆரம்பிச்சிடுச்சு!" என்றார் அத்தை. அது வேறு மஞ்சள். ரசத்து உப்பிலிருக்கும் சோடியம் சூட்டில் காட்டும் நிறம், பழைய தெருவிளக்குகளில் எரிந்த அதே சோடியம். ஓர் எவர்சில்வர் கரண்டியைத் தீயில் காட்டி எடுத்தேன். கரி ஒட்டவில்லை.