கொடிமலையில் பெய்யும் மழை எங்கே போகிறது?

பினாங்கில் மலைச்சரிவுகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. போன மழைக்காலத்தில் தீவின் ஒரு சரிவில் இருக்கும் உணவகத்துக்கு அழைத்திருந்தார்கள். கடல் தெரியும் இடத்தில் மேசை போட வேண்டும் என்று விளிம்புவரை சிமெண்டுத் தளத்தை நீட்டியிருந்தார்கள். கீழே தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த துளைகளில் பாதி, மண்ணும் வேரும் ஏறி அடைத்துக் கிடந்தன. மீதித் துளைகளில் கலங்கல் தண்ணீர் கசிந்தது. தெளிந்த நீர் வந்தால் எனக்கு அவ்வளவு பயமில்லை. கலங்கி வந்தால் சுவருக்குப் பின்னால் மண் கரைகிறது என்று பொருள்.

பினாங்கின் கொடிமலை (பினாங்கு ஹில்) கருங்கல் மலைதான். ஆனால் நாம் நிற்பது பெரும்பாலும் கல்லின் மேல் அல்ல. காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் அந்தக் கல் மக்கி உண்டான மண்ணின் மேல். கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் மணல்வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும்வரை துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் நிறைந்ததும் பிடி விட்டுவிடும். காட்டில் இலையும் சருகும் மழையைத் தாங்கி மெல்ல மெல்லக் கீழே விடுகின்றன. கூரையும் கார் நிறுத்துமிடமும் அதே மழையைத் திரட்டி ஒரே இடத்தில் கொட்டுகின்றன. அந்த இடம் வெட்டிய சரிவாக இருந்துவிட்டால்?

2017 நவம்பர் தொடக்கத்தில் கொட்டிய பெருமழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்து ஜீப் பாதை துண்டானது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தீவிலுள்ள தஞ்சோங் பூங்கா என்ற ஊரில், ஒரு கட்டுமானத் தளத்தில் 11 தொழிலாளர்கள் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலுள்ள நிலத்திலும் 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலத்திலும் கட்டக் கூடாது என்பது மாநிலத் திட்டத்தின் விதி. சிறப்புத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. என் கவலையெல்லாம் அந்த விலக்கைப் பற்றித்தான். 1990இல் மலையுச்சியில் ஹோட்டல், கேளிக்கைப் பூங்கா என்று வந்த திட்டத்தைப் பினாங்கு மக்கள் போராடி நிறுத்தினார்கள். 2021இல் யுனெஸ்கோ இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. இப்போது மலை ரயிலோடு கேபிள் காரும் வருகிறது. மணிக்கு எத்தனை பேரை ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறோம். ஏறியவர்களுக்குக் கழிப்பறை வேண்டும், கடை வேண்டும், நிற்க மேடை வேண்டும். அத்தனைக்கும் பிறகு ஒரு மணி நேர அடைமழையை அந்தச் சரிவு தாங்குமா என்ற கணக்கை அல்லவா முதலில் போட வேண்டும்?

மலைக்குப் போகிறவர்கள் நான்கு பக்கமும் பாருங்கள். சரிவின் மேல் விளிம்பில் புது வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், உடைந்த கால்வாய், திடீரென்று செம்மண் கலந்து வரும் ஊற்று: எதைக் கண்டாலும் அங்கே நிற்காதீர்கள். படம் எடுப்பதற்கென்றும் நிற்க வேண்டாம். விலகி வந்து ஊழியர்களிடம் சொல்லுங்கள்.

"மழை நின்னதும் செஞ்சிடலாமாண்ணே?" என்று கேட்டார் உணவகக்காரர்.

"மழைக்குப் பயந்துதானே தம்பி கூப்பிட்டீங்க? இன்னைக்கே தளத்த மூடுங்க."

மூடினார். மறுநாள் துளைகளைக் குத்தித் திறந்தோம். அரை மணி நேரம் செம்மண் தண்ணீர் ஓடியது.